ஊர்ப்பெயர் இல்லாத அணி: ஓக்லண்டை விட்ட அத்லெடிக்ஸ் எங்கே போய்ச் சேரும்?

பச்சைத்தொப்பி (ஃப்ரீமாண்ட்) எழுதியது:

நண்பர்களே, 2025 பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டது. மனத்தில் நாளாகக் கிடக்கும் ஒன்றை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த ஆண்டு அத்லெடிக்ஸ் அணியின் சட்டையைக் கவனித்தீர்களா? மார்பில் ஊர்ப்பெயர் கிடையாது. ஒரு கையில் சாக்ரமெண்டோவின் டவர் பாலம் பொறித்த சின்னம். மறு கையில் லாஸ் வேகாஸ் என்ற சின்னம். பாலம் இருக்கும் ஊர் இரவல் இடம். மறு கையில் இருக்கும் ஊரில் இன்னும் மைதானமே எழும்பவில்லை. 1968 முதல் 57 சீசன் ஆடிய ஓக்லண்டுக்குச் சட்டையில் ஒரு நூல்கூட மிச்சம் வைக்கவில்லை. பெரிய லீக் எனப்படும் அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் லீக்கின் பட்டியலிலும் வெறும் ‘அத்லெடிக்ஸ்’தான். மற்ற 29 அணிகளுக்கும் ஓர் ஊரோ மாநிலமோ பெயரோடு இருக்கிறது.

2024 செப்டம்பர் 26, ஓக்லண்ட் கொலிசியத்தில் கடைசி ஆட்டம். நான் போயிருந்தேன். பார்ட் ரயில் நிலையத்திலிருந்து அரங்கத்துக்குப் போகும் அந்த நீண்ட நடைபாலத்தில் காலையிலேயே நெரிசல். யாரும் முண்டவில்லை, எல்லோரும் மெதுவாகவே நடந்தார்கள். வந்தவர்கள் 46,889 பேர். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றோம். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மார்க் காட்சே ஒலிவாங்கியைப் பிடித்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். அதன்பிறகு ஒரு மணி நேரம் ஆகியும் எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. வேலியோரம் வந்த மைதானப் பணியாளர் ஒருவர் சிவப்பு மண்ணை அள்ளி அள்ளி நீட்டிய கைகளில் போட்டார். நான் காலி பானக் கோப்பையில் வாங்கிக்கொண்டேன். ஈரம் காயாத மண். வீட்டுக்கு வரும்வரை கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடியே வைத்திருந்தேன்.

அணிகள் ஊர் மாறுவது அமெரிக்காவில் புதிதல்ல. எனக்கு ஆறாதது வேறு. போய்ச் சேர இடம் கட்டாமலே இருந்த இடத்தைக் காலி செய்தார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

சேப்பாக்கம்வாசி எழுதியது:

ஐயா, நான் சென்னையில் இருந்து படிக்கிறேன். பேஸ்பால் அரைகுறையாகத்தான் தெரியும். ஓர் அணியை உரிமையாளர் நினைத்தால் வேறு மாநிலத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விடலாமா? ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே போனது. ஒரே சீசன்தான், அதற்கே எங்களுக்குத் தாங்கவில்லை.

கணக்குப்பிள்ளை (டப்ளின், கலிஃபோர்னியா) எழுதியது:

சேப்பாக்கம்வாசிக்கு: தூக்கிக்கொண்டு போகலாம். மற்ற உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால் போதும். 2023 நவம்பர் 16 அன்று வாக்கெடுப்பு நடந்தது. முப்பது அணிகளும் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.

இந்த அதிகாரத்தின் வேர் பழையது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது. வேறெந்தத் தொழில்முறை விளையாட்டுக்கும் அப்படியொரு விலக்கு இல்லை. அந்தக் குடைக்குள் எந்த அணி எந்த நிலப்பரப்பில் ஆடலாம் என்பதை லீக்கே பங்கு போட்டுக் கொடுக்கிறது.

அத்லெடிக்ஸ் அணியின் வரலாறே இடம்பெயர்வுதான். 1901இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. 1955இல் கான்சஸ் சிட்டி. பதின்மூன்றே ஆண்டில் அங்கிருந்தும் கிளம்பி 1968இல் ஓக்லண்ட். ஓக்லண்டுக்கு இந்த அணி ‘சொந்தம்’ என்றால், அதே சொந்தத்தைக் கான்சஸ் சிட்டியிடமிருந்து எடுத்துத்தானே கொடுத்தார்கள்? பச்சைத்தொப்பி அண்ணன் இதையும் யோசிக்க வேண்டும்.

பச்சைத்தொப்பி எழுதியது:

யோசித்திருக்கிறேன், கணக்குப்பிள்ளை. ஃபிலடெல்ஃபியாவில் ஐந்து கோப்பை, ஓக்லண்டில் நான்கு. கான்சஸ் சிட்டியில் ஒன்றும் இல்லை. கோப்பையை வைத்து உரிமை பேசவில்லை. 1972, 73, 74 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற அணி இது. 1989இல் பக்கத்து ஊரான சான் ஃபிரான்சிஸ்கோவோடு கோப்பைக்காக மோதிய உலகத் தொடர் என்ற இறுதித் தொடரின் நடுவில் நிலநடுக்கம் வந்து, பத்து நாள் ஆட்டத்தை நிறுத்தி, விரிகுடாவின் இரு கரைக்காரர்களும் சேர்ந்து இடிபாடுகளைத் தூக்கினார்கள். ரிக்கி ஹெண்டர்சன் ஓக்லண்டில் வளர்ந்து அந்த ஊர் அணிக்கே ஆடி உலகின் மிகச்சிறந்த தளத்திருடர் (எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுபவர்) ஆனார். அவர் பெயரைத்தான் 2017இல் கொலிசியத்தின் ஆடுகளத்துக்கு வைத்தார்கள். அணி ஓக்லண்டை விட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2024 டிசம்பரில் அவர் காலமானார். அந்த இரண்டையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

இனி மைதானக் கதை. இருபது ஆண்டுகளில் எத்தனை வரைபடம்! 2006இல் எங்கள் ஃப்ரீமாண்டில் கட்டுவதாக அறிவித்தார்கள். 2009இல் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே. அதன்பின் 2017இல் ஓக்லண்டின் லேனி கல்லூரிக்கு அருகில். கல்லூரி நிர்வாகம் மறுத்தது. 2018 முதல் ஓக்லண்ட் துறைமுகத்தின் ஹோவர்ட் டெர்மினல்: 35,000 இருக்கை அரங்கம், வீடுகள், கடைகள் என்று 1,200 கோடி டாலர் திட்டம். 2022இல் அதன் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு மாநகராட்சி ஒப்புதல் கொடுத்தது. 2023 ஏப்ரலில் ஒரே இரவில் லாஸ் வேகாஸில் நிலம் பேசியாகிவிட்டது என்று செய்தி வந்தது. அந்த நிலமும் அடுத்த மாதமே மாறி, டிராபிகானா விடுதி இருந்த 9 ஏக்கர் என்றானது. மைதானம் 2028இல் திறக்குமாம்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீமாண்ட் திட்டம் வந்தபோது, போக்குவரத்து நெரிசல் வரும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதை கெடும் என்று எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். வாரம் ஒருமுறை ஓக்லண்டுக்கு ஆட்டம் பார்க்கப் போய்க்கொண்டே அந்தக் கையெழுத்தையும் போட்டேன். அணி எங்கும் போய்விடாது என்று அவ்வளவு நம்பிக்கை. கடைசி நாளில் மண்ணை வாங்கிக்கொண்டு நின்றபோது அந்தக் கையெழுத்துத்தான் நினைவுக்கு வந்தது.

தென்விரிகுடா (சான் ஹோசே) எழுதியது:

அண்ணா, உங்கள் ஒரு கையெழுத்தால் எதுவும் நின்றிருக்காது, மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள், அது இதைவிடக் கசப்பு.

1990களின் தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அணிதான் சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு வெளியேற வழி தேடிக்கொண்டிருந்தது. சான் ஹோசே அடங்கிய எங்கள் சான்டா கிளாரா மாவட்டத்தில் அரங்கம் கட்டிக்கொள்ள அதற்கு உரிமை தேவைப்பட்டது. அப்போது ஓக்லண்ட் அணியின் உரிமையாளராக இருந்த வால்டர் ஹாஸ், அண்டை வீட்டுக்காரன் அல்லாடுகிறானே என்று காசு வாங்காமல் சம்மதம் கொடுத்தார். வரி போட்டு அரங்கம் கட்ட மக்கள் வாக்களிக்கவில்லை. ஜயண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே தங்கிவிட்டது. ஆனால் எங்கள் மாவட்டத்தின் உரிமையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை! பிற்பாடு அத்லெடிக்ஸ் சான் ஹோசேவுக்கு வர விரும்பியபோது அதே உரிமையைக் காட்டி ஜயண்ட்ஸ் கதவை அடைத்தது. எங்கள் மாநகராட்சி 2013இல் வழக்குத் தொடுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டது. கணக்குப்பிள்ளை சொன்ன அந்த 1922 விலக்குதான் குறுக்கே நின்றது.

இரக்கப்பட்டு இரவல் கொடுத்தவன் வாசலில் நிற்கிறான், வாங்கியவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் உண்மை. ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் யாராவது பேச வேண்டும்.

கொலிசியம் 1966இல் திறந்த கட்டடம். 2013இல் குழாய் அடைத்துக் கழிவுநீர் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் வந்தது. அமெரிக்கக் கால்பந்து அணியான ரைடர்ஸைத் திரும்ப அழைத்து வர 1990களின் நடுவில் வெளிப்புறத்தில் ஒரு கான்கிரீட் மலையை எழுப்பினார்கள். பின்னால் தெரிந்த குன்றுகளை அது மறைத்துவிட்டது. அந்த ரைடர்ஸும் 2020இல் லாஸ் வேகாஸ் போய்விட்டது. கூடைப்பந்து அணி வாரியர்ஸ் 2019இல் வளைகுடாவைத் தாண்டிச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது. ஐந்தாண்டுக்குள் மூன்று அணிகளை இழந்த நகரத்தின் நிர்வாகத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல முடியுமா? ஹோவர்ட் டெர்மினல் பேச்சு ஐந்து ஆண்டு இழுத்தது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சட்டமன்றம் சில வாரங்களில் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. வியாபாரி எங்கே போவான்?

கூட்டத்தையும் பாருங்கள். 2022இல் ஆண்டு முழுவதும் வந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு.

பச்சைத்தொப்பி எழுதியது:

கூட்டம் ஏன் குறைந்தது என்பதையும் கணக்கில் எழுதுங்கள், தம்பி. 1990இல் இதே கொலிசியத்துக்கு வந்தவர்கள் 29 லட்சம் பேர். 2019இல்கூட 16 லட்சத்துக்கு மேல். 2022 சீசன் தொடங்கும் முன் மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று தூண்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சீசன் டிக்கெட் விலையை மட்டும் ஏற்றினார்கள். அடுப்பை அணைத்துவிட்டுச் சாப்பிட ஆளே வரவில்லை என்பதா?

2023 ஜூன் 13 நினைவிருக்கிறதா? அணி தோற்றுக்கொண்டே இருந்த ஆண்டு. அந்த ஆண்டு 112 தோல்வி. வராமல் இருப்பதுதான் வழக்கமான புறக்கணிப்பு. எல்லோரும் திரண்டு வந்து உரிமையாளருக்கு எதிர்ப்பைக் காட்டுவது என்று ரசிகர்கள் முடிவெடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை இரவு. 27,759 பேர். ‘விற்றுவிடு’ என்று ஒற்றைச் சொல் அச்சிட்ட பச்சைச் சட்டையை வாசலில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்தாம் இன்னிங்ஸ் தொடங்கியதும் அரங்கம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. மட்டையில் பந்து படும் ஓசை மேல்தட்டு வரை கேட்டது. அடுத்த கணம் எல்லாக் குரலும் சேர்ந்து, அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு என்று எழும்பியது. வலது மூலையில் முரசடிப்பவர்கள் அதற்குத் தாளம் பிடித்தார்கள். பக்கத்து இருக்கையில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, ஓக்லண்டில் பிறந்தவராம், என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அன்று நாங்கள் ஜெயித்தோம்.

அதைப் பற்றிக் கேட்டபோது லீக்கின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட், லீக்கில் ஒரு சராசரி ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தை இந்த ஆண்டு பார்க்க முடிந்ததே என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து நெவாடா ஆளுநர் அந்த நிதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சேப்பாக்கம்வாசி எழுதியது:

அந்தப் பாட்டியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது, ஐயா.

ஒரு சந்தேகம். புது மைதானம் 2028இல்தான் என்றால் அதுவரை ஓக்லண்டிலேயே ஆடியிருக்கலாமே? சாக்ரமெண்டோ எதற்கு?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் உரிமையாளருக்காக வாதாட முடியவில்லை.

கொலிசியத்தின் குத்தகை 2024 சீசனோடு முடிந்தது. நீட்டிப்பதற்கு ஓக்லண்ட் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முன்வைத்தது. மூன்று ஆண்டு கழித்து விலகிக்கொள்ளலாம், கட்டணம் 9.7 கோடி டாலர். பேச்சு முறிந்தது. 2024 ஏப்ரல் 4 அன்று சாக்ரமெண்டோ என்று அறிவித்தார்கள். சரியாகச் சொன்னால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வெஸ்ட் சாக்ரமெண்டோ. சுமார் 14,000 பேர் கொள்ளும் சட்டர் ஹெல்த் பார்க். அங்கே ஏற்கெனவே ரிவர் கேட்ஸ் என்ற இரண்டாம் நிலை அணி ஆடுகிறது. அது ஜயண்ட்ஸின் கிளை அணி என்பது தென்விரிகுடாவுக்கு இன்னும் எரியும். மைதானமும் அந்த அணியும் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவேயின் கையில் இருக்கின்றன. 2025 முதல் 2027 வரை ஏற்பாடு, தேவைப்பட்டால் 2028உம்.

சாக்ரமெண்டோவைத் தேர்ந்தெடுத்ததில் தொலைக்காட்சி வருமானம் ஒரு காரணம். அந்த நகரம் ஓக்லண்டும் சான் ஃபிரான்சிஸ்கோவும் சேர்ந்த விரிகுடாப் பகுதியின் ஒளிபரப்பு எல்லைக்குள்தான் வருகிறது.

நகரம் கேட்ட தொகை அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். 200 கோடி டாலரில் அரங்கம் கட்டப் போகிறவர், மூன்று ஆண்டு இருக்க இடம் தேடிச் சிறிய மைதானத்துக்குப் போனதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இருக்கும் வீட்டை விட்டுவிட்டு மனை வாங்கும்வரை சத்திரத்தில் தங்குவதைப் போல.

ஃபோல்சம் அம்மா எழுதியது:

‘சத்திரம்’ என்று படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது. அந்தச் சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

என் மகனுக்கு 11 வயது. 2025 மார்ச் 31, முதல் ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று அடி வாங்கினோம். இவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனாலும் கடைசிப் பந்து வரை எழவில்லை. வலப்புற வேலிக்குப் பின்னால் புல்மேட்டில் விரிப்பைப் போட்டு உட்காரலாம். வேலிக்கு அந்தப் பக்கம் டவர் பாலம் பொன்னிறத்தில் தெரியும். உடைமாற்றும் அறைகள் இடப்புற வேலிக்கு வெளியே இருப்பதால், ஆட்டத்தின் நடுவில் விலக்கப்பட்ட பிட்சர் (பந்து வீசுபவர்) மைதானத்தின் ஓரமாக நடந்தே போக வேண்டும். ஒருவர் தலையைக் குனிந்தபடி போனதைப் பார்த்து என் மகன் எழுந்து நின்று கை தட்டினான். பெரிய அரங்கத்தில் அவர் ஒரு சுரங்க வழிக்குள் மறைந்திருப்பார். இவ்வளவு அருகில் யாருக்குக் கிடைக்கும்?

வெயில் கொடுமைதான். ஜூலை, ஆகஸ்டில் 38 பாகையைத் தாண்டும் நாட்கள் இங்கே அபூர்வமல்ல. லூயிஸ் செவரினோ போன்ற வீரர்கள் இங்கே ஆடுவது பயிற்சி முகாம் போல இருக்கிறது என்று வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார்கள். சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை என்பதும் உண்மை. விட்டுப் போகப் போகிறவர்களோடு எப்படி ஒட்டுவது என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

ஆனால் அண்ணா, நிக் கர்ட்ஸ் ஜூலை 25 அன்று ஹியூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி) அடித்தாரே! ஆறு முறை மட்டை பிடித்து ஆறிலும் அடி. அறிமுக வீரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தது அதுவே முதல் முறை. என் மகன் கூடத்தில் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே. அவனுக்கு ஓக்லண்டும் தெரியாது, வேகாஸும் தெரியாது. அவனைப் பொறுத்தவரை இது எங்கள் ஊர் அணி. 2028இல் அவனிடம் நான் என்ன சொல்லுவது?

பச்சைத்தொப்பி எழுதியது:

தங்கச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள். ஓக்லண்டுக்கு நடந்ததையே பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த பிரிவுக்கு ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறான் என்பது உறைக்கவில்லை.

பாலைவனத்து ஆசிரியை (ஹெண்டர்சன், நெவாடா) எழுதியது:

மூன்றாவது ஊர்க்காரியும் பேசிவிடுகிறேன். இங்கே எல்லோரும் மேளம் கொட்டி வரவேற்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த 38 கோடியில் 18 கோடி வரிச்சலுகையாக மாநிலம் தருவது, 12 கோடி மாவட்டம் வெளியிடும் கடன் பத்திரம், மீதி மாவட்டத்தின் மற்றச் சலுகைகள். நெவாடாவில் வகுப்பறை நெரிசல் நாடறிந்த விஷயம். ஆசிரியர் சங்கம் இதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டு போக முயன்றது. மனுவின் வாசகம் சரியில்லை என்று 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மக்களிடம் கேட்காமலே முடிந்தது.

மைதானம் வருமா வராதா என்று கேட்டால், வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். டிராபிகானா 2024 ஏப்ரல் 2 அன்று மூடியது, அக்டோபர் 9 அதிகாலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 67 ஆண்டுப் பழைய விடுதி. ஆறு மாதம் கழித்தும் அங்கே வெறும் மண்தான். நம்பிக்கை இழந்திருந்தேன். 2025 ஜூன் 23 அன்று பூமி பூஜைக்கு இணையான விழா நடந்தது. இப்போது அந்த வழியாகப் போனால் பாரந்தூக்கிகள் தெரிகின்றன, வேலை நடக்கிறது. 33,000 பேர் கொள்ளும், பெரிய லீக்கின் நிரந்தர அரங்கங்களிலேயே சிறியது. திறக்க முடியாத நிலையான கூரை. இங்கே கோடையில் 43 பாகை அடிக்கும்போது வேறு வழியில்லை.

செலவுதான் வயிற்றைக் கலக்குகிறது. 2023இல் 150 கோடி என்றார்கள், பிறகு 175, 2025இல் 200. பொதுப்பணத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் ஏறுவது முழுவதும் அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷர் குடும்பத்தின் தலையில். ஃபிஷர் 2025இல் தன் சான் ஹோசே கால்பந்து அணியை விற்கப் போவதாக அறிவித்தார். இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு விவரம் சேர்க்கிறேன், அம்மா. 2024 டிசம்பரில் அரங்க ஆணையம் ஒப்புதல் கொடுத்தபோது, 30 ஆண்டு ஊர் மாற மாட்டோம் என்ற உறுதிமொழியும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஓக்லண்டுக்குக் கிடைக்காத உறுதி. காகிதத்தில் இருப்பது நல்லதுதான்.

தென்விரிகுடா எழுதியது:

புளோரிடாவில் டாம்பா பே ரேஸ் பட்ட பாட்டையும் பாருங்கள். 2024 அக்டோபரில் புயல் அவர்களுடைய அரங்கத்தின் கூரையைக் கிழித்தெறிந்தது. ஒரு சீசன் முழுக்க வேறோர் அணியின் பயிற்சி மைதானத்தில் ஆடினார்கள். போட்டு வைத்திருந்த புதிய மைதானத் திட்டமும் 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. ஆனால் அவர்களுடையது இயற்கைச் சீற்றம். நம்முடையதில் கூரை கிழியவில்லை.

சேப்பாக்கம்வாசி எழுதியது:

இப்போது ஓக்லண்டில் பேஸ்பாலே இல்லையா, ஐயா?

பச்சைத்தொப்பி எழுதியது:

இருக்கிறது, தம்பி. ஓக்லண்ட் பேலர்ஸ் என்று ஒரு சிறிய அணியை ஊர்க்காரர்கள் 2023இல் உருவாக்கினார்கள். மேற்கு ஓக்லண்டில் பாழடைந்து கிடந்த ரைமண்டி பூங்காவைச் சீராக்கி 2024 முதல் ஆடுகிறார்கள். ரசிகர்களுக்கே பங்கு விற்றார்கள். பயனியர் லீக் என்ற சிறிய தொடர்தான், ஆனால் 2025இல் கோப்பையே வென்றார்கள். கொலிசியத்தில் முரசடித்தவர்களில் சிலர் இப்போது அங்கே வந்து அடிக்கிறார்கள். தாளத்தைக் கேட்டாலே அடையாளம் தெரிகிறது. வாசலில் நான் பார்த்த முதல் முகம் அந்தப் பாட்டிதான். என்னை அவருக்கு நினைவில்லை. தோளைத் தொட்டுச் சொன்ன பிறகு சிரித்தார்.

ஃபோல்சம் தங்கச்சி, ஏப்ரலில் வெயில் ஏறும் முன் ஒரு நாள் சாக்ரமெண்டோவுக்கு வருகிறேன். இதுவரை பிடிவாதமாக ஒரு ஆட்டத்துக்குக்கூட வரவில்லை. புல்மேட்டில் மூன்று பேருக்கு இடம் பிடித்து வையுங்கள். நான் ஓக்லண்ட் தொப்பியோடுதான் வருவேன், மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏன் அந்தத் தொப்பி என்று கேட்டால் அங்கேயே உட்கார்ந்து சொல்கிறேன். ஒன்பது இன்னிங்ஸ் நேரம் இருக்கிறதே.

ஃபோல்சம் அம்மா எழுதியது:

வாருங்கள் அண்ணா. விரிப்பும் தயிர்சாதமும் நான் கொண்டு வருகிறேன். உள்ளே சாப்பாடு அனுமதிப்பார்களா என்று மட்டும் விசாரித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.